மருந்தை நிறுத்தினால் ஏன் திரும்புகிறது? குழந்தைகளின் நெஃப்ரோடிக் நோயில் நோயெதிர்ப்பும் மரபணுவும்

இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குத்தான் இது அதிகம் வருகிறது. காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம் இருக்கும், மதியத்துக்குள் வடிந்துவிடும். பூச்சி கடித்திருக்கும், அலர்ஜியாக இருக்கும் என்று சில நாள் கழியும். காலும் வயிறும் வீங்கி, சிறுநீர் நுரைத்துக்கொண்டு கொஞ்சமாகப் போகத் தொடங்கிய பிறகுதான் பரிசோதனைக்குப் போவார்கள். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்டிரிப் என்னும் சோதனைப் பட்டையில் புரதம் 3+ அல்லது 4+ காட்டும். ரத்தத்தில் அல்புமின் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்கும் கீழே இருக்கும். சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடும் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று சொல்லி, பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குவார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்குள் சிறுநீரில் புரதம் நின்றுவிடும். வீடு நிம்மதியாகும். மூன்று நான்கு மாதத்தில் ஒரு சளி பிடிக்கும், மறுபடியும் 3+.

நாங்கள் என்ன தப்பு செய்தோம் என்றுதான் பெற்றோர் முதலில் கேட்பார்கள். பெரும்பாலும் எந்தத் தப்பும் இல்லை. ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்காவது ஒருமுறை நோய் திரும்பும். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அடிக்கடி திரும்பும், அல்லது மருந்தைக் குறைத்தாலே திரும்பும். உப்பு, முட்டை, குளிர்ந்த தண்ணீர் ஆகியவை இதற்குக் காரணமல்ல. காரணம் வடிகட்டியில் இருக்கும் ஒரு புரதத்திலும், அதை உடல் எப்படிப் பார்க்கிறது என்பதிலும் இருக்கிறது.

சிறுநீரகத்தின் வடிகட்டிக் குஞ்சங்களில் உள்ள ரத்தக் குழாய்களை வெளிப்பக்கமாகப் போடோசைட் என்னும் அணுக்கள் தழுவியிருக்கின்றன. இரு கைவிரல்களைக் கோத்தது போல அவற்றின் கால்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். விரல்களுக்கு இடையே உள்ள சந்தில் மெல்லிய ஜவ்வு ஒன்று உண்டு. அந்த ஜவ்வின் முக்கியப் புரதம் நெஃப்ரின். பக்கத்து அணுவின் நெஃப்ரினோடு இந்த அணுவின் நெஃப்ரின் இணைந்துதான் ஜவ்வு உருவாகிறது. போடோசின் என்னும் இன்னொரு புரதம் அதை உள்பக்கமாகப் பிடித்து நிறுத்துகிறது. நெஃப்ரின் கெட்டால் விரல்கள் தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிவிடும், அல்புமின் சிறுநீரில் இறங்கிவிடும். இந்தத் தட்டையாதல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தெரியும். சாதாரண நுண்ணோக்கியில் திசு கிட்டத்தட்ட இயல்பாகவே இருப்பதால்தான் 'மினிமல் சேஞ்ச்' என்ற பெயர் வந்தது.

நெஃப்ரின் இரண்டு வழிகளில் கெடலாம். அதைச் செய்யும் மரபணுவே பழுதாகிப் பிறப்பிலேயே சரியான நெஃப்ரின் இல்லாமல் போகலாம். நல்ல நெஃப்ரின் இருந்தும் உடலின் நோயெதிர்ப்பே அதைத் தாக்கலாம். வெளியே தெரியும் வீக்கம் இரண்டிலும் ஒன்றுதான். சிகிச்சை மட்டும் ஏறத்தாழ எதிரெதிர்த் திசையில் போகிறது.

நோயெதிர்ப்பின் கதை

1974-இல் ஷால்ஹூப் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் ஒரு கருதுகோளை வைத்தார். நெஃப்ரோடிக் உள்ள குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் சில சமயம் நோய் அடங்கிவிடுகிறது. தட்டம்மை, நோயெதிர்ப்பைச் சேர்ந்த டி அணுக்களை ஒடுக்கும் வைரஸ். ஹாட்ஜ்கின் என்னும் நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் மினிமல் சேஞ்ச் வருகிறது. ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும் வேலை செய்கின்றன. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த அவர், டி அணுக்கள் சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் வடிகட்டியைக் கெடுக்கிறது என்றார். அந்தப் பொருளைத் தேடியே அடுத்த முப்பது ஆண்டுகள் போயின, அது அகப்படவில்லை.

திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ரிட்டக்ஸிமாப் என்ற மருந்து சி.டி.20 என்னும் அடையாளம் உள்ள பி அணுக்களை, அதாவது நோயெதிர்ப்பின் இன்னொரு வகை அணுக்களை, அழிக்கும். 2004-இல் வெளியான ஓர் அறிக்கையில், தட்டணுக் குறைபாட்டுக்காக இந்த மருந்து பெற்ற ஒரு சிறுவனுக்கு அவனுடைய நெஃப்ரோடிக் நோயும் அடங்கியது பதிவானது. 2014-இல் ஜப்பானில் இஜிமா குழு 48 பேரிடம் முறையான ஆய்வு நடத்தியது. நோய் திரும்பாமல் இருந்த நாட்களின் நடுமதிப்பு (மீடியன்), மருந்து பெற்றவர்களிடம் 267 நாள், பெறாதவர்களிடம் 101 நாள். டி அணு நோய் என்று நம்பப்பட்டதில் பி அணுவை அழித்தால் பலன் கிடைக்கிறதென்றால், குறிவைத்த பொருளில் போய் ஒட்டும் ஆன்டிபாடி என்னும் புரதம் ஏதாவது சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். பி அணுக்களின் வேலையே அதைச் செய்வதுதானே.

2022-இல் பாஸ்டன் குழு மினிமல் சேஞ்ச் நோயாளிகள் 62 பேரின் ரத்தத்தைப் பார்த்து, 18 பேரிடம் நெஃப்ரினுக்கு எதிரான ஆன்டிபாடியைக் கண்டது. 2024-இல் ஹாம்பர்க் குழு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இன்னும் பெரிய ஆய்வை வெளியிட்டது. நெஃப்ரோடிக் உள்ள 182 குழந்தைகளில் 94 பேரிடம், அதாவது 52 சதவீதத்தினரிடம், அது இருந்தது. நோய் தீவிரமாக இருந்து, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் எடுக்காத குழந்தைகளை மட்டும் பார்த்தால் 90 சதவீதம். ஆன்டிபாடி அளவு நோயோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. எலிகளுக்கு நெஃப்ரினைச் செலுத்தி இந்த ஆன்டிபாடியை உருவாக்கியபோது அவற்றுக்கும் மினிமல் சேஞ்ச் போன்ற நோயே வந்தது.

ஷால்ஹூப் சொன்னது முழுத் தவறு என்று இதற்குப் பொருளில்லை. பி அணு தானாக ஆன்டிபாடி செய்யக் கிளம்பாது, உதவி டி அணு தூண்ட வேண்டும். அந்த டி அணுவுக்கு எந்தப் புரதத் துண்டைக் காட்டுவது என்பதைத் தீர்மானிப்பவை எச்.எல்.ஏ. வகை மூலக்கூறுகள். மரபணு இங்கே முதல்முறையாக உள்ளே வருகிறது.

ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் குழந்தைகளுக்கு எச்.எல்.ஏ. டி.க்யூ., டி.ஆர். பகுதியில் குறிப்பிட்ட மாறுபாடுகள் அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. டி.க்யூ.ஏ.1 மரபணுவைச் சுட்டிக்காட்டிய 2015 ஆய்வின் முதல் தொகுப்பு இலங்கைக் குழந்தைகள். இங்கிலாந்தில் வாழும் தெற்காசியக் குழந்தைகளுக்கு இந்த நோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது 1980-களிலிருந்தே தெரியும். ஊர் மாறியும் குறையாததால் பரம்பரையின் பங்கைச் சந்தேகித்தார்கள், அது சரியாகவே இருந்தது. ஜப்பானியக் குழந்தைகளிடம் நெஃப்ரின் மரபணுவுக்குள்ளேயே பரவலாகக் காணப்படும் ஒரு மாறுபாடும் ஆபத்தைக் கூட்டுகிறது. அது இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதில்லை, வருவதற்கான வாய்ப்பைத்தான் அது கூட்டுகிறது. 'மரபணுக் காரணம்' என்று கேட்டதும் பெற்றோர் பயந்துபோவதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வகை மாறுபாடு ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத நோயைக் குறிப்பதல்ல. அடுத்த குழந்தைக்கும் வந்துவிடும் என்பதும் இல்லை.

அப்படியானால் ஏன் திரும்புகிறது? ஸ்டீராய்டு தாக்குதலை அடக்குகிறது. ஒருமுறை நெஃப்ரினைக் குறிவைத்துப் பழகிய நினைவு அணுக்களை அது முழுதாக அழிப்பதில்லை. ரிட்டக்ஸிமாப் போட்ட குழந்தைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆறிலிருந்து ஒன்பது மாதத்தில் பி அணுக்கள் மறுபடி உருவாகும், குறிப்பாக நினைவு வகை பி அணுக்கள் தலைகாட்டிய பின் நோயும் வரும். சளி, காய்ச்சலின்போது நோயெதிர்ப்பு மொத்தமும் உசுப்பப்படுவதால் உறங்கிக்கிடந்த இந்த அணுக்களும் எழுகின்றன. எந்த வைரஸ் என்பது பெரிய விஷயமல்ல.

அளவும் அளத்தலும்

முதல்முறை வரும்போது இந்தியக் குழந்தைச் சிறுநீரக மருத்துவர் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல் சொல்வது இது: பிரட்னிசோலோன் தினமும் கிலோவுக்கு 2 மி.கி., உச்சம் 60 மி.கி., ஆறு வாரம். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கிலோவுக்கு 1.5 மி.கி., உச்சம் 40 மி.கி., இன்னும் ஆறு வாரம். அதோடு நிறுத்திவிடலாம். முதல் சிகிச்சையை இழுத்தால் திரும்புவது குறையும் என்று முன்பு நம்பினார்கள். இங்கிலாந்தில் நடந்து 2019-இல் வெளியான 'பிரெட்னோஸ்' ஆய்வில் 8 வாரத்துக்கும் 16 வாரத்துக்கும் முதல் ரிலாப்ஸ், அதாவது நோய் திரும்புதல், வரும் காலத்தில் வித்தியாசம் இல்லை.

கணக்கில் வரும் பிழை ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. 15 கிலோ, 97 செ.மீ. உயரக் குழந்தைக்குக் கிலோ கணக்கில் 30 மி.கி. வரும். உடற்பரப்புக் கணக்கில், சதுர மீட்டருக்கு 60 மி.கி. வீதம், 38 மி.கி. வரும். சின்னக் குழந்தைகளுக்குக் கிலோ கணக்கு எப்போதும் குறைத்தே காட்டும். மெதுவாகப் பதில் தரும் குழந்தை, அல்லது மருந்து முடிந்ததும் உடனே திரும்பும் குழந்தை என்றால், முதலில் உண்மையில் எத்தனை மில்லிகிராம் உள்ளே போனது என்று பார்ப்பது நல்லது. கணக்குக்கு எடுக்கும் எடையும் வீங்கிய எடையாக இருக்கக்கூடாது. நீர் கோத்ததில் இரண்டு கிலோ கூடியிருக்கலாம். நோய்க்கு முந்தைய எடை, தெரியாவிட்டால் உயரத்துக்கு ஏற்ற எடையே சரி.

நோய் திரும்பியதா என்பதை வீக்கத்தை வைத்து முடிவுசெய்தால் எப்போதும் தாமதமாகும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைத்தான் பார்க்க வேண்டும், மாலைச் சிறுநீர் ஏமாற்றும். ஸ்டிரிப்பை நனைத்து, அதிகப்படியை விளிம்பில் தட்டிவிட்டு, 60 விநாடியில் நிறம் பார்க்க வேண்டும். 1+ என்றால் டெசிலிட்டருக்குச் சுமார் 30 மி.கி., 2+ என்றால் 100, 3+ என்றால் 300. டப்பாவின் மூடியைச் சரியாக மூடாமல் ஈரம் பட்ட ஸ்டிரிப் பொய் சொல்லும். அடர்ந்த, மஞ்சளான சிறுநீரில் 1+ வருவது சாதாரணம். ஸ்டிரிப் கிடைக்காத இடத்தில் பழைய முறையே போதும். சோதனைக்குழாயில் முக்கால் பாகம் சிறுநீர் எடுத்து, மேல்பாகத்தை மட்டும் சூடாக்க வேண்டும். வெண்மையாகக் கலங்கினால் சில சொட்டு வினிகர் விட வேண்டும். கலங்கல் மறைந்தால் அது பாஸ்பேட், மறையாவிட்டால் புரதம். மேல்பாகத்தை மட்டும் சூடாக்குவதால் கீழே இருக்கும் தெளிவோடு ஒப்பிட முடிகிறது.

3+ அல்லது அதற்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் இருந்தால்தான் ரிலாப்ஸ். காய்ச்சல் நாளில் ஒருமுறை 3+ வந்ததும் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைத் தொடங்குவது பலரும் செய்யும் காரியம். அதில் சிலருக்குக் காய்ச்சல் போனதும் புரதமும் தானாக நின்றிருக்கும், தேவையில்லாத ஸ்டீராய்டு மிச்சம். ஆனால் வீக்கம் தொடங்கிவிட்டாலோ, வயிற்று வலியோடு காய்ச்சல் வந்தாலோ காத்திருக்கக்கூடாது. வயிற்று நீரில் நிமோகாக்கஸ் கிருமித் தொற்று வேகமாகப் பரவும். நிமோகாக்கல் தடுப்பூசியை இந்தக் குழந்தைகளுக்கு விடாமல் போடச் சொல்வது இதனால்தான்.

ரிலாப்ஸ் உறுதியானால் மறுபடி கிலோவுக்கு 2 மி.கி., மூன்று நாள் தொடர்ந்து புரதம் இல்லை அல்லது 'டிரேஸ்' (மிகச் சிறிதளவு) என்று வரும்வரை. அதன் பின் 1.5 மி.கி. ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கு வாரம். மாதக்கணக்கில் மருந்து எடுத்த குழந்தைக்கு, உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். மருந்தைத் திடீரென நிறுத்திய பின் கடும் வாந்தி, அறுவை சிகிச்சை, விபத்து போன்ற நெருக்கடி வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் தர வேண்டியிருக்கும். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ஸ்டீராய்டு எடுத்த விவரத்தை முதல் வாக்கியமாகச் சொல்வது அவசியம்.

சளி பிடிக்கும்போது சில நாளுக்குத் தினசரி ஸ்டீராய்டு கொடுத்தால் ரிலாப்ஸைத் தடுக்கலாமா? இலங்கையில் பேராதனையிலும் டெல்லியிலும் நடந்த ஆய்வுகளில் பலன் தெரிந்தது. பேராதனைக் குழுவின் 2017 ஆய்வில், ஸ்டீராய்டு நிறுத்தப்பட்டிருந்த குழந்தைகளுக்குச் சளியின்போது கிலோவுக்கு 0.5 மி.கி. வீதம் ஐந்து நாள் கொடுத்தார்கள். 365 குழந்தைகளைச் சேர்த்து 2022-இல் வெளியான 'பிரெட்னோஸ் 2' ஆய்வில் பலன் இல்லை. சளியோடு வந்த ரிலாப்ஸ் இரு தரப்பிலும் 43, 44 சதவீதம் என்று ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. இந்திய வழிகாட்டுதல், அடிக்கடி திரும்பும் குழந்தை ஏற்கெனவே ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்துக்கொண்டிருந்தால் அதே அளவைத் தொற்றின்போது ஐந்து முதல் ஏழு நாள் தினசரியாக்கலாம் என்கிறது. நடைமுறையில் சரியான வழி, ஒவ்வொரு சளிக்கும் கை மாத்திரைக்குப் போகாமல், சளியோடு திரும்பும் பழக்கம் அந்தக் குழந்தைக்கு உண்டா என்று நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து முடிவெடுப்பது. தினமும் காலையில் எழுதிய அந்த நோட்டு இல்லாமல் மருத்துவராலும் எதுவும் சொல்ல முடியாது.

அடிக்கடி திரும்பினால் முதலில் கிலோவுக்கு 0.5 முதல் 0.7 மி.கி. வரை ஒருநாள் விட்டு ஒருநாள், ஆறு மாதம் முதல் ஓராண்டு. அதிலும் நிற்காவிட்டால், அல்லது உயரம் நின்று கண்புரை, ரத்த அழுத்தம் தலைகாட்டினால், லெவாமிசோல், மைக்கோஃபினலேட், சைக்ளோபாஸ்பமைடு, டாக்ரோலிமஸ், ரிட்டக்ஸிமாப் என்று வரிசை நீள்கிறது. சைக்ளோபாஸ்பமைடு தினமும் கிலோவுக்கு 2 மி.கி., 8 முதல் 12 வாரம் மட்டும். மொத்த அளவு கிலோவுக்கு 168 மி.கி.யைத் தாண்டக்கூடாது, தாண்டினால் பிற்காலக் கருவளம் பாதிக்கப்படும். ரிட்டக்ஸிமாப்புக்கு முன் மஞ்சள்காமாலை பி வைரஸையும் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்னும் ஆன்டிபாடியின் அளவையும் பார்த்தே ஆக வேண்டும்.

முட்டை வெள்ளைக்கருவை நாளுக்கு ஆறு ஏழு ஊட்டும் பெற்றோர் உண்டு. அல்புமின் கசிவதால் குறைகிறதே தவிர உண்ணாததால் அல்ல. வயதுக்குரிய சாதாரணப் புரத உணவே போதும்.

ஸ்டீராய்டு கேட்காதபோது

ஆறு வாரம் முழு அளவு கொடுத்தும் புரதம் நிற்காவிட்டால் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத நோய். அங்கே கேள்வியே மாறுகிறது. தாக்குதலே இல்லாத இடத்தில் அதை அடக்கும் மருந்து எதற்கு?

1998-இல் கார்ல் டிரிக்வாசன் குழு ஃபின்லாந்துக் குழந்தைகளிடம் நெஃப்ரின் மரபணுவைக் கண்டுபிடித்தது. அங்கே ஏறத்தாழ 8,000 பிறப்புக்கு ஒன்று இந்தப் பிறவி நோயோடு பிறக்கிறது. கருப்பையிலேயே புரதக் கசிவு தொடங்குவதால் நஞ்சுக்கொடியின் எடை குழந்தை எடையில் கால் பங்கையும் தாண்டும். பிரசவ அறையிலேயே சந்தேகிக்கத் தக்க அறிகுறி அது. 2000-இல் பாரிஸில் போடோசின் மரபணு கிடைத்தது. இப்போது இத்தகைய மரபணுக்கள் ஐம்பதுக்கு மேல்.

வயதுதான் இங்கே முதல் துப்பு. 1,783 குடும்பங்களைப் பார்த்த 2015 ஆய்வில் மொத்தம் 29.5 சதவீதத்தில் ஒற்றை மரபணுக் காரணம் தெரிந்தது. முதல் மூன்று மாதத்தில் தொடங்கியவர்களில் 60-க்கும் மேல், ஒன்று முதல் ஆறு வயதில் 25.3, பதிமூன்று வயதுக்கு மேல் 10.8 சதவீதம். ஆகவே ஓராண்டுக்குள் தொடங்கியவர்கள், முதலிலிருந்தே ஸ்டீராய்டு கேட்காதவர்கள், குடும்பத்தில் இன்னொருவருக்குச் சிறுநீரக நோய் உள்ளவர்கள், காது கேளாமை போன்ற வேறு குறையும் உள்ளவர்கள், மாற்றுச் சிறுநீரகத்துக்குத் தயாராகிறவர்கள் ஆகியோருக்கு மரபணுப் பரிசோதனை அவசியம். அடிக்கடி திரும்பினாலும் ஒவ்வொரு முறையும் ஸ்டீராய்டுக்கு அடங்கும் குழந்தைக்கு இது வீண் செலவு. மாமன் மகள், அக்காள் மகள் உறவில் மணம் வழக்கமாக உள்ள குடும்பங்களில் இரு பெற்றோரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படிச் சுமந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

அறிக்கையைப் படிப்பதில் பெரிய சறுக்கல்கள் நடக்கின்றன. போடோசின் மரபணுவில் ஆர்229க்யூ என்னும் மாற்றம் ஐரோப்பியரிடம் அந்த மரபணுவின் நூறு பிரதிகளில் மூன்று நான்கில் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்கூட நோய் வராது. ஆனால் மற்றப் பிரதியில் அந்த மரபணுவின் கடைசிப் பகுதியைச் சேர்ந்த சில குறிப்பிட்ட பழுதுகள் இருந்தால் மட்டும் இரண்டும் சேர்ந்து நோய் தருகின்றன என்று 2014-இல் நிரூபணமானது. அறிக்கையில் இந்தப் பெயரைக் கண்டதும் 'மரபணு நோய்' என்று முத்திரை குத்தினால் தவறு. 'பொருள் நிச்சயமில்லாத மாற்றம்' என்று எழுதிவந்தால் அதை வைத்து மருந்தை நிறுத்துவதும் தவறு. பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

உறுதியான பழுது தெரிந்தால் ஸ்டீராய்டைக் குறைத்து நிறுத்திவிடலாம். டாக்ரோலிமஸ் போன்றவை வெகு சிலருக்கே ஓரளவு கேட்கும். அது போடோசைட் அணுவின் உள்சட்டகத்தை நேராகத் தாங்குவதால் இருக்கலாம். புரதக் கசிவைக் குறைக்கும் எனலாப்ரில் வகை மருந்துகள் தொடரும். சில மரபணுக்கள் பெயர் தெரிந்ததாலேயே பயன் தருகின்றன. கோ-என்சைம் க்யூ10 உற்பத்தியில் பழுது என்றால் அந்த மருந்தையே வாய்வழி கொடுக்கலாம், சீக்கிரம் தொடங்கினால் புரதக் கசிவு குறையும். பழுது டபிள்யூ.டி.1 மரபணுவில் என்றால் சிறுநீரகக் கட்டியும் வரக்கூடும் என்பதால் ஸ்கேன் கண்காணிப்பு வேண்டும். பெண்ணாக வளரும் குழந்தைக்குக் குரோமோசோம் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகம் வைக்கும்போது இந்த இரண்டு கதைகளும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. ஒற்றை மரபணுக் காரணம் என்றால் புதுச் சிறுநீரகத்தில் நோய் திரும்புவது அரிது. பழுது பழைய உறுப்போடு போய்விடுகிறது. முதலில் ஸ்டீராய்டுக்கு அடங்கி, பின்னால் அடங்காமல் போன குழந்தைக்கோ திரும்பும் ஆபத்து மிக அதிகம், சில சமயம் அறுவை முடிந்த நாட்களுக்குள்ளேயே. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. நெஃப்ரினே அறவே இல்லாமல் பிறந்த ஃபின்லாந்துக் குழந்தைகளுக்கு, புது உறுப்பில் வரும் நெஃப்ரின் அந்நியப் பொருள். சிலருக்கு அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாகி நோய் புதிதாகத் தொடங்குகிறது.

தானம் தரப்போகும் பெற்றோரைப் பற்றியும் முடிவு இதைப் பொறுத்தது. போடோசின் போல இரு பிரதியும் கெட்டால் மட்டும் வரும் நோயில், ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் தாயோ தந்தையோ பொதுவாகத் தரலாம். ஐ.என்.எஃப்.2 மரபணு போல ஒரு பிரதி கெட்டாலே வரும் வகை என்றால், இப்போது ஆரோக்கியமாகத் தெரியும் தந்தைக்கும் நாற்பது வயதில் அதே நோய் வரலாம். அவருடைய மரபணு முடிவு கைக்கு வராமல் தானத்துக்கு நாள் குறிக்கக்கூடாது.